மட்டாஞ்சேரி யூதர் தெருவில் நடப்பது எப்படி: முதன்முறை போகிறவர்களுக்கு

நான் முதன்முறை கொச்சியில் உள்ள மட்டாஞ்சேரிக்குப் போனது ஒரு சனிக்கிழமை. கோயம்புத்தூரில் விடியற்காலை ரயில் பிடித்து, எர்ணாகுளத்தில் இறங்கி, படகேறி, வேர்க்க விறுவிறுக்க யூதப் பள்ளியின், அதாவது யூதர்களின் வழிபாட்டிடத்தின், வாசலை அடைந்தால் கதவு பூட்டிக் கிடக்கிறது. சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள் என்று சிறு வயதில் படித்ததெல்லாம் அந்தப் பூட்டைப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. எதிர்க் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து, "நாளைக்கு வா சாரே" என்றார். மறுநாள் எனக்கு ஊரில் வேலை.

இரண்டாம் முறை பெரியம்மாவுடன் போனேன். படகுத்துறையிலேயே ஒருவர் வழிகாட்டியாக ஒட்டிக்கொண்டார். நாற்பது நிமிடச் சுற்றுலா. அதில் பாதி நேரம் ஒரு பழம்பொருள் கடையில் கழிந்தது. "இந்த ஊரில் யூதர்கள் மரப்பெட்டி விற்றார்களா?" என்று பெரியம்மா கேட்டார். அதற்குப் பிறகு நாலைந்து தடவை போய்விட்டேன். உறவினர்களும் நண்பர்களும் போகும்போதெல்லாம் போனில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தத்தையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சுற்றுலாக்கள் இந்தத் தெருவைத் தலைகீழாகக் காட்டுகின்றன. வடக்கு முனையில் இருக்கும் பரதேசிப் பள்ளியில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். நீங்கள் தெற்கு முனையில் தொடங்குங்கள். காரணம் நடக்கும்போது தெரியும்.

நாள் பார்ப்பது

மற்றதெல்லாம் பிறகு. ஞாயிறு முதல் வியாழன் வரை ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். சனிக்கிழமை பள்ளி மூடியிருக்கும். யூதர்களின் நாள் சூரியன் மறையும்போது தொடங்குவதால் வெள்ளிக்கிழமை பிற்பகலும் கிடையாது. அதே வெள்ளியன்று, பள்ளியை ஒட்டிய மட்டாஞ்சேரி அரண்மனைக்கும் விடுமுறை. ஆக, வார இறுதி என்று வெள்ளி பிற்பகலைக் கணக்குப் போட்டு வருகிறவர்கள் தெருவை மட்டும் பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

பள்ளி காலை பத்து மணி முதல் ஒரு மணி வரையிலும், பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரையிலும் திறந்திருப்பது நெடுநாள் வழக்கம். நடுவில் இரண்டு மணி நேரம் அடைப்பு. யூதப் பண்டிகைகளிலும் திறக்காது. செப்டம்பர், அக்டோபரில் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத் என்று வரிசையாக வரும். மார்ச் அல்லது ஏப்ரலில் பாஸ்கா. இவை சந்திரனை ஒட்டிய நாட்காட்டிப்படி வருவதால் ஆண்டுதோறும் தேதி மாறும். நம் தீபாவளியைப் போலத்தான். டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்த ஆண்டுக்கான தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன், ஜூலை வேண்டாம் என்பது என் கருத்து. கேரளத்து மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு கூரையையும் ஜன்னல் கம்பியையும் அண்ணாந்து பார்க்க முடியாது. இந்தத் தெருவில் பார்க்கவேண்டியவற்றில் பாதி தலைக்கு மேலேதான் இருக்கிறது.

போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து இரவு ரயில் உண்டு; கோவையிலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர். எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குப் பஸ், ஆட்டோ எல்லாம் இருந்தாலும் படகில் போங்கள். எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து அரசுப் படகு ஃபோர்ட் கொச்சிக்குப் போகிறது. உயர்நீதிமன்றத் துறையிலிருந்து வாட்டர் மெட்ரோவும் ஓடுகிறது. ஃபோர்ட் கொச்சியில் இறங்கினால் மட்டாஞ்சேரி அங்கிருந்து சில நிமிட ஆட்டோ தூரம். இந்த ஊர் துறைமுகத்தால் பிறந்த ஊர். 1341-இல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து முசிறித் துறை தூர்ந்துபோக, கொச்சியில் புதிய முகத்துவாரம் திறந்தது. கொடுங்கல்லூர்ப் பக்கம் இருந்த யூத வணிகர்கள் கொஞ்சம் கொஞ்சமாக இங்கே நகர்ந்தது அதன் பின்விளைவு. தண்ணீர் வழியாக வந்து இறங்கினால் இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

ஆட்டோக்காரரிடம் "சினகாக்" என்றால் நேராக வடக்கு முனையில் கொண்டுபோய் விடுவார். "ஜூ டவுன் தெருவின் தெற்குப் பக்கம், கடவும்பாகம் பள்ளி" என்று சொல்லுங்கள். தெரியாது என்றால் தெருப் பெயரைச் சொல்லித் தெற்குக் கோடியில் இறங்கிக்கொள்ளலாம்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

தனியாகவே நடக்கலாம். ஆனால் முதல் தடவை வழிகாட்டி இருந்தால் நல்லது. இந்தத் தெருவில் பெயர்ப் பலகை வைத்து விளக்கியிருப்பது மிகக் குறைவு. சுற்றுலாத் துறை அடையாள அட்டை வைத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். கொச்சியில் தமிழ் பேசும் வழிகாட்டிகள் கிடைப்பார்கள். கேட்டுப் பார்ப்பதில் தயங்கவேண்டாம்.

பணம் பேசும் முன் நான் மூன்று கேள்விகள் கேட்பேன்.

முதல் கேள்வி: "பரதேசிப் பள்ளி தவிர வேறு எந்தப் பள்ளியைக் காட்டுவீர்கள்?" அதுமட்டும்தான் என்று சொன்னால், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று அர்த்தம். கடவும்பாகம், தெக்கும்பாகம் என்ற பெயர்கள் அவர் வாயிலிருந்து வந்தால் பேச்சைத் தொடரலாம்.

இரண்டாவது: "எத்தனை கடைக்குள் போவோம்?" இதைச் சிரித்துக்கொண்டே கேளுங்கள். அவரும் சிரிப்பார். கடையில் நீங்கள் வாங்கும் பொருளில் வழிகாட்டிக்குப் பங்கு உண்டு என்பது ஊரறிந்த விஷயம். "கடை வேண்டாம் சேட்டா, அதற்கும் சேர்த்துக் கட்டணத்தைச் சொல்லிவிடுங்கள்" என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மொத்தத் தொகை, எத்தனை மணி நேரம், நுழைவுச் சீட்டு யார் பொறுப்பு என்பதையெல்லாம் வாசலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

சேர அரசர் யூத வணிகர் தலைவருக்குக் கொடுத்த செப்பேடு பரதேசிப் பள்ளியில் இருக்கிறது. அதைப் பற்றிய மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது: "செப்பேடு எந்த ஆண்டு?" கி.பி. 379 என்று ஒரு பதில் வரும். பழைய நூல்கள் சிலவற்றிலிருந்து அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கி.பி. 1000 அளவில் என்று சொல்கிறவர் கொஞ்சமாவது படித்தவர். 379 என்று சொல்கிறவரை விரட்டிவிடவேண்டும் என்று சொல்லவில்லை. கதை சொல்வதில் அவர் கெட்டிக்காரராக இருக்கக்கூடும். அவர் சொல்லும் ஆண்டுகளை மட்டும் காதில் வாங்கி அப்படியே விட்டுவிடுங்கள்.

ஆறேழு பேருக்கு மேல் உள்ள கூட்டத்தில் சேராதீர்கள். தெரு குறுகல். பின்னால் நிற்பவருக்கு வழிகாட்டியின் குரலைவிட ஸ்கூட்டர் ஹாரன்தான் கேட்கும்.

நடக்கும் முன் சில சொற்கள்

தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு இந்த இடத்தில் ஒரு சலுகை உண்டு. வெளிநாட்டார் விளக்கக் குறிப்பு வைத்துக்கொண்டு புரிந்துகொள்ளும் சொற்கள் நமக்குக் காதில் விழுந்தவுடனே பாதி விளங்கிவிடும்.

யூதர்களின் வழிபாட்டிடத்தை உள்ளூரில் "ஜூதப் பள்ளி" என்கிறார்கள். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் "ஜெப ஆலயம்" என்பார்கள். பள்ளி என்றால் நமக்குப் பள்ளிக்கூடம். சமணப் பள்ளியும் பள்ளிவாசலும் அதே சொல்தான். கேரளத்தில் கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் யூதருக்கும் பள்ளி பொது.

"பரதேசி" என்றால் நாம் வசவாகவோ பிச்சைக்காரரைக் குறித்தோ சொல்கிறோம். இங்கே அதன் நேர்ப்பொருள்: பிற தேசத்திலிருந்து வந்தவர். பதினாறாம் நூற்றாண்டிலும் பிறகும் ஸ்பெயின், போர்ச்சுக்கல், சிரியா, ஈராக் பக்கங்களிலிருந்து வந்து சேர்ந்த யூதர்கள் பரதேசிகள். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் மலபாரி யூதர்கள். எண்ணிக்கையில் இவர்களே மிக அதிகம். ஆங்கிலேயர் காலத்து வழக்கில் முன்னவரை வெள்ளை யூதர், பின்னவரைக் கறுப்பு யூதர் என்றார்கள். சில வழிகாட்டிகள் இன்றும் அப்படியே சொல்கிறார்கள். நீங்கள் பேசும்போது பரதேசி, மலபாரி என்றே சொல்லுங்கள். நிறத்தை வைத்துப் பிரித்த அந்தப் பேச்சு இந்தத் தெருவில் பலரைப் புண்படுத்தியிருக்கிறது.

"கடவு" என்றால் மலையாளத்தில் படகுத்துறை. கடவும்பாகம் துறைப்பக்கத்தார் பள்ளி. தெக்கும்பாகம் தென்பக்கத்தார் பள்ளி. இரண்டும் மலபாரி யூதர்களுடையவை. மட்டாஞ்சேரியிலும் இதே பெயர்களில் இரண்டு, எர்ணாகுளத்திலும் இரண்டு என்று இருந்ததால் குழம்பிவிடாதீர்கள்.

தெற்கிலிருந்து வடக்கே

தெற்கு முனையில் மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் பள்ளி. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக் கட்டடம். இங்கிருந்த யூதர்கள் 1950-களில் இஸ்ரேலுக்குப் போனபிறகு இது கைமாறிக் கிடங்காகப் பயன்பட்டது. உள்ளே இருந்த செதுக்கு மரவேலையும் விதானமும் இஸ்ரேலுக்குக் கொண்டுபோகப்பட்டு, இன்று ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு இருக்கின்றன. வெறுங்கூடாக நின்ற கட்டடத்தின் ஒரு பகுதி 2019 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது.

இங்கே நிற்கும்போது வழிகாட்டிகள் வழக்கமாக அவசரப்படுவார்கள். நீங்கள் அவசரப்படவேண்டாம். செங்கல்லும் செம்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் எப்படி ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன என்று பாருங்கள். பரதேசிப் பள்ளியில் வெள்ளைப் பூச்சுக்கு உள்ளே இருப்பதும் இதே மாதிரிச் சுவர்தான். உள்ளே நுழைய முயலவேண்டாம். அனுமதியும் இல்லாமல் இருக்கலாம், தலையில் கல்லும் விழலாம்.

அங்கிருந்து வடக்கே நடக்கத் தொடங்குங்கள். வழியில்தான் மட்டாஞ்சேரியின் தெக்கும்பாகம் பள்ளி இருந்தது. 1960-களில் அதை இடித்துவிட்டார்கள். இருந்த இடத்தைச் சுட்டிக்காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒன்றுமில்லாத ஓர் இடத்தை நின்று பார்ப்பதற்கு எந்தச் சுற்றுலாவிலும் நேரம் ஒதுக்குவதில்லை. ஆனால் இந்தத் தெருவில் பெருங்கூட்டமாக இருந்தவர்களின் இரண்டு பள்ளிகளில் ஒன்று இடிந்தும் ஒன்று இல்லாமலும் போயிற்று என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு பரதேசிப் பள்ளியின் பளபளக்கும் சரவிளக்குகளுக்குப் போவது வேறு அனுபவம்.

மலபாரி யூதர்கள் யாரும் விரட்டப்பட்டுப் போகவில்லை. இந்தியாவில் தங்களைத் துன்புறுத்தியவர் இல்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். 1948-இல் இஸ்ரேல் உருவானதும், வேத வாக்கு பலித்தது என்று நம்பிக் குடும்பம் குடும்பமாகக் கப்பலும் விமானமும் ஏறினார்கள்.

தெருவின் நடுப்பகுதியில் மூக்குக்கு வேலை. சுக்கு, மிளகு, ஏலம். இந்தத் தெருவின் பிழைப்பே அதுதான்; மிளகுக்கான முன்பேர வணிகச் சந்தையே ஜூ டவுனில் நடந்தது. கிடங்குகளில் சில இன்னும் வேலை செய்கின்றன, பல கடைகளாகிவிட்டன.

இங்கே வழிகாட்டியைக் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு அண்ணாந்து பாருங்கள். வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. கீழே கடையும் கிடங்கும், மேலே குடித்தனமும். மாடி ஜன்னல் கம்பிகளில் ஆறுமுனை நட்சத்திரம் தெரியும். வாசல் நிலைகளின் வலப்பக்கத்தையும் கவனியுங்கள். யூத வீடுகளில் வேத வரிகள் எழுதிய சுருள் வைத்த சிறு கூடு ஒன்றை, மெசூசா என்பார்கள், தோள் உயரத்தில் பதித்திருப்பார்கள். வீட்டுக்காரர் மாறி அதைக் கழற்றியபிறகும் ஒரு தழும்பு நிலைச்சட்டத்தில் எஞ்சியிருக்கக்கூடும். ஒரு முறை நான் ஒரு சட்டைக் கடை வாசலில் விரலால் தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்து, கடைக்காரர் கதவு வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்து விலை சொன்னார்.

இப்போதுள்ள கடைக்காரர்களில் காஷ்மீரிகள் நிறையப் பேர். தெருவின் பெயர் யூதருடையது, வியாபாரம் காஷ்மீரியுடையது, சாயங்கால டீ மலையாளியுடையது.

வடக்கே நெருங்கும்போது சாரா கோஹனின் வீட்டைக் காணலாம். யூதர்களின் தலைக்குல்லாவும் ஓய்வு நாள் ரொட்டியை மூடும் துணியும் கையால் தைத்து விற்றவர். 2019 ஆகஸ்டில் 96 வயதில் காலமானார். அவரைக் கடைசிவரை மகன் போலக் கவனித்துக்கொண்டவர் அதே தெருவில் வளர்ந்த ஒரு முஸ்லிம் நண்பர். கடையையும் அவர்தான் காத்துவந்தார். இந்தத் தெருவில் ஏதாவது வாங்கியே தீரவேண்டும் என்றால் அப்படிப்பட்ட துணி ஒன்றை வாங்குங்கள்.

ஒரு வேண்டுகோள். "இன்னும் எத்தனை யூதர்கள் இருக்கிறார்கள்? அவர்களைப் பார்க்க முடியுமா?" என்று தெருவெங்கும் கேட்டுக்கொண்டு போகாதீர்கள். 2024 ஆகஸ்டில் பரதேசி யூதப் பெண்களில் கடைசியானவரும் மறைந்துவிட்டார். அவர் வாழ்நாளில் ஜன்னல் வழியே எட்டிப்பார்த்துப் படம் எடுத்தவர்கள் கணக்கில்லை.

பரதேசிப் பள்ளிக்குள்

தெரு முட்டி நிற்கும் இடத்தில் மணிக்கூண்டு. 1760-இல் எசெக்கியேல் ரஹாபி கட்டியது. டச்சுக் கம்பெனிக்கும் கொச்சி அரசருக்கும் நடுவில் நின்று மிளகு வணிகம் நடத்திய பெரும்புள்ளி அவர். கடிகார முகங்கள் எல்லாவற்றிலும் ஒரே எண்கள் இல்லை: ஒன்றில் எபிரேயம், ஒன்றில் ரோமன், ஒன்றில் மலையாளம். மலையாள எண்களை உற்றுப் பாருங்கள். பழைய தமிழ் எண்கள் தெரிந்தவருக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பை வெளியே வைக்கச் சொல்வார்கள். உள்ளே படம் எடுப்பதற்கு நெடுங்காலம் தடை இருந்தது. டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டுவிட்டுப் போனைத் தொடுங்கள். நுழைவுக் கட்டணம் மிகச் சொற்பம், சில்லறையாக வைத்திருங்கள். பிறகு செருப்பைக் கழற்றவேண்டும். இது நமக்குச் சாதாரணம். ஆனால் உலகின் பிற பகுதி யூதர்கள் பெரும்பாலும் ஜெப ஆலயத்துக்குள் செருப்போடுதான் போகிறார்கள். வாசலில் செருப்பை விடுவது கேரளத்து யூதர்கள் அக்கம்பக்கத்துக் கோயிலிலிருந்தும் மசூதியிலிருந்தும் எடுத்துக்கொண்ட பழக்கம்.

முன்முற்றத்துச் சுவரில் பதித்த எபிரேயக் கல்லை முதலில் பாருங்கள். இது இந்தப் பள்ளியைவிட மூத்தது. கொச்சங்காடியில் 1344-இல் எழுந்த பள்ளியின் கல். அந்தப் பள்ளி இப்போது இல்லை. பக்கத்து அறையில் பத்து ஓவியங்கள் யூதர் வரலாற்றைச் சொல்கின்றன. 1968-இல் பள்ளியின் நானூறாம் ஆண்டு விழாவுக்காக வரைந்தவை. அந்த விழாவுக்கு அன்றைய பிரதமர் இந்திரா காந்தி வந்தார். கூட்டம் அதிகமாக இருந்தால் ஓவியத்தை விட்டுவிட்டு உள்ளே போய்விடலாம்.

பள்ளி 1568-இல் கட்டப்பட்டது. இடம் கொடுத்தவர் கொச்சி அரசர். அரண்மனைக் கோயிலான பழையன்னூர் பகவதியின் சுவரை ஒட்டியே இது நிற்கிறது. 1662-இல் போர்ச்சுக்கீசியர் இதற்குத் தீவைத்தார்கள்; மறு ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்ததும் செப்பனிட்டு எழுந்தது.

உள்ளே போனதும் எல்லோரும் மேலே பார்ப்பார்கள். பெல்ஜியம் சரவிளக்குகள், பல நிறக் கண்ணாடி எண்ணெய் விளக்குகள். நீங்கள் கீழே பாருங்கள். சீனாவின் கேன்டன் நகரிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் ரஹாபி வரவழைத்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள். ஒன்றைப் போல் ஒன்று இல்லை என்று வழிகாட்டி சொல்வார். ஓரமாகப் போய்க் குனிந்து பாருங்கள். அதே வில்லோ மரமும் அதே வீடும் அதே படகும் திரும்பத் திரும்ப வரும். கையால் வரைந்ததால் ஒன்றில் கிளை சற்று நீளம், ஒன்றில் மை கொஞ்சம் கலங்கியிருக்கும். வழிகாட்டி இன்னொரு கதையும் சொல்வார்: ஓடுகள் முதலில் அரசருக்காக வந்தன, அவற்றைச் செய்வதில் மாட்டு ரத்தம் கலந்ததாக யாரோ காதில் போட, அவர் வேண்டாம் என்றதும் பள்ளிக்கு வந்துவிட்டன. நம்பவேண்டாம், ரசியுங்கள். வெறுங்காலில் அந்த ஓடுகளின் குளிர்ச்சி ஏறுவது மட்டும் யாரும் சேர்த்துச் சொல்லாத உண்மை.

நடுவில் பித்தளைக் கம்பி போட்ட மேடை. அங்கிருந்துதான் வேதம் ஓதுவார்கள். மேற்குச் சுவரை ஒட்டிய மரப்பேழையில் தோரா என்னும் யூத வேதச் சுருள்கள். ஜெருசலேம் இங்கிருந்து மேற்கே என்பதால் பேழை அந்தப் பக்கம். "சாமி எங்கே?" என்று பெரியம்மா கேட்டது இந்த இடத்தில்தான். உருவம் கிடையாது, அந்தச் சுருளில் உள்ள எழுத்துதான் என்றேன். "ஏட்டைக் கும்பிடுகிறார்கள். நாமும் சரஸ்வதி பூசையில் செய்வதுதானே" என்று சொல்லிவிட்டுக் கை கூப்பினார். அறிஞர்கள் இதற்கு ஆட்சேபம் சொல்லலாம். எனக்கு அந்த நேரத்தில் வேறு விளக்கம் தோன்றவில்லை.

மாடியிலும் ஒரு மேடை இருப்பதை வழிகாட்டி காட்டாவிட்டால் நீங்களே கேளுங்கள். பண்டிகை நாட்களில் அங்கிருந்து ஓதுவார்கள். அதற்குப் பின்னால் பெண்கள் உட்காரும் இடம். இப்படி இரண்டு மேடை வைப்பது கேரளத்துப் பள்ளிகளுக்கே உரியது. பெண்கள் மலையாளத்தில் யூதப் பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தார்கள்.

கிளம்புமுன் வாசல் தாழ்வாரத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பரதேசிகளின் வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழியினரும் இங்கே யூதர்கள்தான். ஆனால் உள்ளே சரிசமமாக உட்கார அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை, தாழ்வாரத்தோடு நிறுத்தினார்கள். அந்த வழியில் வந்த ஏ.பி. சேலம் (1882–1967) வக்கீலுக்குப் படித்து, காந்தியின் வழியில் இந்தப் பள்ளிக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். ஊரார் அவரை "யூத காந்தி" என்றார்கள். வைக்கம் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல வழிகாட்டியா இல்லையா என்பதற்கு என் கடைசிப் பரீட்சை இதுதான்: சரவிளக்கின் விலை சொல்கிறாரா, சேலத்தைப் பற்றிச் சொல்கிறாரா?

செப்பேட்டை எப்படி வாசிப்பது

பள்ளியின் பெருஞ்செல்வம் அந்தச் செப்பேடுதான். மூலத்தைப் பார்வையாளருக்குக் காட்டுவது அரிது. படத்தையோ பிரதியையோ பார்க்கலாம். சேர அரசர் பாஸ்கர ரவிவர்மர் முயிரிக்கோட்டில், அதாவது கொடுங்கல்லூரில், இருந்தபோது யூத வணிகர் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்தது. வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம். மொழியைப் பழைய மலையாளம் என்பார் ஒருவர், தமிழ் என்பார் மற்றொருவர். வாசித்துக் காட்டினால் நமக்குப் புரியும் என்பது மட்டும் நிச்சயம்.

ஜோசப் ரப்பான் இதில் "ஈசுப்பு இரப்பான்" ஆகிவிடுகிறார். அவருக்குக் கொடுத்தவை: பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காகளம், தோரணம், தோரணவிதானம் என்று போகும் எழுபத்திரண்டு விடுபேறு. பாவாடை என்பது உடுப்பதல்ல, நடந்துபோகத் தரையில் விரிக்கும் துணி. அந்தோளகம் பல்லக்கு, காகளம் ஊதுகொம்பு. "உல்கும் துலாக்கூலியும் விட்டோம்" என்று ஒரு வரி: சுங்கமும் எடைக்கூலியும் தள்ளுபடி. குறளில் வரும் அதே உல்கு. அஞ்சுவண்ணம் என்று வருவது கடல்வணிகக் குழுவின் பெயர். தொண்டிக்கு அருகே தீர்த்தாண்டதானத்துக் கல்வெட்டிலும் அந்தப் பெயர் இருக்கிறது. வழிகாட்டி இந்தப் பட்டியலை ஆங்கிலத்தில் ஒப்பிக்கத் தொடங்கினால், மூலத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்ததும் வழிகாட்டி நின்று, "ஒன்றுகூடிப் பறயூ" என்று மறுபடி சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

சாப்பாடும் கடையும்

தெருவில் யூதச் சாப்பாடு தேடி அலையவேண்டாம். பிரியாணி சாப்பிடுகிறவர்கள் மட்டாஞ்சேரியின் கயீஸ் ஓட்டலுக்கு மதியத்துக்குள் போய்விடுங்கள், தீர்ந்துவிடும். சைவம் வேண்டுமென்றால் குஜராத்தித் தெருவுக்குப் போகலாம்.

பழம்பொருள் கடைகளுக்குள் பார்க்க மட்டும் போகலாம். ஒரு கடையில் யானை குளிக்கும் அளவுக்கு வெண்கல வார்ப்பு இருக்கிறது. பழைய மரத்தூண், "யூத வீட்டுப் பொருள்" என்று எதையாவது காட்டினால் பெரும்பாலும் நம் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்திருக்கவும் வாய்ப்புண்டு. காரைக்குடி மரத்தைக் கொச்சியில் வாங்கிக் காரைக்குடிக்கே கொண்டுவந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

நேரம் மீந்தால் ஃபோர்ட் கொச்சி வெளி பகுதியில் உள்ள வண்ணார் துறைக்குப் போய்வாருங்கள். டச்சுக்காரர்களின் துணி துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர் இன்றும் அங்கே கல்லில் துவைத்து, கயிற்று முறுக்கிலேயே துணியைச் செருகிக் காயவைக்கிறார்கள். தமிழில் பேசுங்கள்.

இரண்டாம் நாள் இருந்தால்

எர்ணாகுளத்தில் சந்தைச் சாலையை ஒட்டிய கடவும்பாகம் பள்ளிக்குப் போங்கள். முன்பக்கம் செடியும் வண்ணமீனும் விற்கும் கடை. அதற்குள் நுழைந்து, மீன் தொட்டிகளைக் கடந்து, அனுமதி கேட்டால் பின்னால் ஒரு கதவு திறக்கும். சிவப்பும் பொன்னும் பூசிய பேழை, கண்ணாடி விளக்குகள், மாடி மேடை, எல்லாம் அங்கே இருக்கின்றன. மட்டாஞ்சேரியின் தெற்கு முனையில் இடிந்து கிடந்ததைப் பார்த்தீர்கள் அல்லவா, அது முழுசாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல விடை கிடையாது.

பிறகு பஸ் ஏறி வடக்கே பறவூர், அங்கிருந்து சேந்தமங்கலம். இரண்டு ஊர்களின் யூதப் பள்ளிகளையும் கேரள அரசின் முசிறித் திட்டத்தில் செப்பனிட்டு அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். திங்கட்கிழமை விடுமுறை. சேந்தமங்கலத்தில் கோயிலும் மசூதியும் தேவாலயமும் யூதப் பள்ளியும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. பள்ளி முன்றிலில் நிறுத்தியிருக்கும் கல்லறைக் கல்லைத் தவறவிடாதீர்கள். "இஸ்ரேலின் மகள் சாரா" என்று எபிரேயத்தில் எழுதியிருக்கிறது, ஆண்டு 1269. யூத வழக்கப்படி அதன் அருகே பூவுக்குப் பதிலாகச் சிறு கூழாங்கல் வைப்பார்கள். முன்றிலில் கல் கிடைக்காது, வரும் வழியில் பெரியாற்றங்கரையில் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.